‘இலவசம்’ என்றால் எதுவரை இலவசம்? ஆவணங்களுக்கான பின்னணிப் படங்களும் பேட்டர்ன்களும்

ஒரு சான்றிதழோ அறிக்கையோ தயார் செய்கிறோம். வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறதே, பின்னணிக்கு ஏதாவது போடலாம் என்று தேடினால் ‘இலவசம்’ என்ற பெயரில் படங்கள் வந்து கொட்டுகின்றன. கண்ணுக்குப் பிடித்த ஒன்றை எடுத்து வேர்டில் போடுகிறோம். அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். திரையில் அழகாக இருந்த படம் தாளில் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அல்லது பிரிண்ட் எடுத்தால் பின்னணியே வராது. எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று யாராவது திருப்பி அனுப்புவார்கள். இதெல்லாம் சரியாகி ஆவணத்தை இணையத்தில் ஏற்றிய பிறகு, இந்தப் படத்தைப் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பவை இரண்டே குழப்பங்கள். விலையையும் அனுமதியையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது ஒன்று. பின்னணி என்றாலே பக்கம் முழுவதற்குமான ஒரு பெரிய படம் என்று நினைப்பது இன்னொன்று. இரண்டாவது தெளிந்துவிட்டால் முதலாவதில் பாதி தானாகவே தீர்ந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

## படமா, டைலா?

தேடும்போது மூன்று சொற்கள் கலந்து கலந்து வரும். மூன்றும் வேறு வேறு பொருள்.

1. பின்னணிப் படம்: பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நிரப்பும் ஒற்றைப் படம். மலை, வானம், மங்கலாக்கிய மேசை இப்படி எதுவாகவும் இருக்கலாம்.
2. டெக்ஸ்சர்: ஒரு பரப்பின் தன்மையைக் காட்டுவது. பழைய காகிதம், துணி நெசவு, மரம், சுண்ணாம்புச் சுவர். இதில் உருவம் என்று தனியாக எதுவும் இருக்காது.
3. பேட்டர்ன்: ஒரு சிறிய வடிவம் திரும்பத் திரும்ப வருவது. கோடு, கட்டம், இலை, கொடி, அறுகோணம்.

டெக்ஸ்சரும் பேட்டர்னும் பெரும்பாலும் ‘டைல்’ வடிவில் கிடைக்கும். தரையில் பதிக்கும் ஓடு மாதிரியேதான். 200 பிக்சல் அகலம், 200 பிக்சல் உயரம் உள்ள ஒரு சின்னச் சதுரம், அதன் வலது ஓரம் இடது ஓரத்தோடும் மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் பொருந்தும்படி வரையப்பட்டிருக்கும். அதை வரிசையாக அடுக்கினால் ஒட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆங்கிலத்தில் தேடும்போது ‘சீம்லெஸ்’ அல்லது ‘டைலபிள்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடச் சொல்வது இதனால்தான். அந்தச் சொல் இல்லாமல் வெறும் ‘பேட்டர்ன்’ என்று தேடி எடுத்த படத்தை அடுக்கினால், நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை குறுக்கே ஒரு கோடு ஓடும்.

இந்த உத்தி புதிதல்ல. 1995இல் நெட்ஸ்கேப் உலாவியின் 1.1 பதிப்பு வந்தபோது இணையப் பக்கத்துக்குப் பின்னணிப் படம் போடும் வசதி கிடைத்தது. அன்றைய தொலைபேசி மோடத்தில் ஒரு பெரிய படம் இறங்கி முடிவதற்குள் பொறுமை போய்விடும், அதனால் எல்லோரும் சின்ன டைலைத்தான் போட்டார்கள், உலாவி அதையே அடுக்கிப் பக்கத்தை நிரப்பிக்கொண்டது. (நட்சத்திரம் மின்னும் கறுப்பு வானத்தின் மேல் மஞ்சள் எழுத்தைப் படித்த தலைமுறைக்கு இது நன்றாகவே நினைவிருக்கும்.) இன்று வேகம் கூடிவிட்டதால் டைலை மறந்து பெரிய படத்துக்கு ஓடுகிறோம். ஆவணத்துக்கு இன்றும் டைல்தான் பெரும்பாலும் சரியான தேர்வு.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுத் தரத்தில் அதை நிரப்ப 2480க்கு 3508 பிக்சல் உள்ள படம் வேண்டும். சுருக்காமல் விரித்தால் அந்த ஒரு படம் கணினியின் நினைவகத்தில் ஏறக்குறைய 26 எம்பி பிடிக்கும். தேடலில் கிடைப்பதோ பல நேரம் 600 பிக்சல் அகலமுள்ள படம், அதை ஏ4 அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 72 பிக்சல்தான் மிஞ்சும். தாளில் உடைந்து தெரிவதற்குக் காரணம் பிரிண்டர் இல்லை, இந்தக் கணக்குதான். டைலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சில கேபி அளவுள்ள கோப்பு, இழுக்கவே தேவையில்லை, அடுக்கினால் போதும்.

ஒரு சின்ன விலகல்: தளத்தின் மேல் இப்படித் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை அவற்றின் சமச்சீர் முறையை வைத்து வகைப்படுத்தினால் மொத்தம் 17 வகைதான் தேறும். ரஷ்யாவைச் சேர்ந்த ஃபியோதரோவ் 1891இல் இதை நிரூபித்தார். படத் தளங்களில் எத்தனை ஆயிரம் பேட்டர்ன் இருந்தாலும் எலும்புக்கூடு அந்தப் பதினேழில் ஒன்றுதான்.

## ‘இலவசம்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை அனுமதிகள்

முதலில் ஓர் அடிப்படை. ஒரு படத்துக்குப் பதிப்புரிமை என்பது யாரும் பதிவு செய்து வாங்க வேண்டிய ஒன்றல்ல. வரைந்த கணத்திலோ எடுத்த கணத்திலோ தானாகவே வந்துவிடும். வட்டத்துக்குள் ‘சி’ போட்ட அந்தக் குறி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1886இல் தொடங்கிய பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் இதுதான் நடைமுறை, உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன. எனவே ஒரு படத்தின் அருகில் எதுவுமே எழுதியில்லை என்றால் ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்று அர்த்தமில்லை, ‘எடுக்கக் கூடாது’ என்றுதான் அர்த்தம். பலரும் இதை நேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இனி ‘இலவசம்’ என்ற சொல் எந்தெந்த அர்த்தத்தில் புழங்குகிறது என்று பார்ப்போம். கட்டுப்பாடு குறைந்ததிலிருந்து கூடியது வரை:

1. பப்ளிக் டொமைன். பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுச்சொத்தாகிவிட்டவை. படைத்தவர் இறந்து 70 ஆண்டு என்பது பல நாடுகளின் கணக்கு, 50, 60 என்று வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. பூவும் கொடியுமாகச் சுவர்த்தாள்களும் துணிகளும் வடிவமைத்த வில்லியம் மோரிஸ் 1896இல் இறந்தார். அவருடைய வடிவங்களை இன்று யாரும் எடுத்தாளலாம்.

2. சிசி ஜீரோ. உரிமை வைத்திருப்பவரே ‘எனக்கு எந்த உரிமையும் வேண்டாம், பெயர்கூடப் போட வேண்டாம்’ என்று எழுதிக்கொடுப்பது. படைப்புகளைப் பகிர்வதற்கான பொது லைசென்ஸ்களை எழுதித்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக ‘சிசி’) அமைப்பு 2009இல் இதை வெளியிட்டது. ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

3. மற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்கள். 2002இலிருந்து புழக்கத்தில் இருப்பவை. ‘பிஒய்’ என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் படத்தை மாற்றிப் பகிர்ந்தால் மாற்றிய படத்தையும் அதே லைசென்ஸில்தான் கொடுக்க வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றி அமைத்துப் பகிரக் கூடாது.

4. தளத்தின் சொந்த லைசென்ஸ். அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சாபே போன்றவை. காசு வேண்டாம், பெயர் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் படத்தை அப்படியே விற்கக் கூடாது, அவற்றைச் சேர்த்துப் போட்டித் தளம் நடத்தக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும்.

5. பெயர் போட்டால் இலவசம். ஃப்ரீபிக் மாதிரித் தளங்களில் காசு கொடுக்காமல் எடுப்பவர் தளத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும், அதைத் தவிர்க்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும்.

6. சொந்த உபயோகத்துக்கு மட்டும். வீட்டுப் பிறந்தநாள் அழைப்பிதழுக்குச் சரி. அலுவலக அறிக்கைக்கும் விற்கப்போகும் மின்னூலுக்கும் ஆகாது.

7. ராயல்டி ஃப்ரீ. இது இலவசமே இல்லை! ஒருமுறை காசு கொடுத்தால் ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் கொடுக்க வேண்டியதில்லை என்பது மட்டுமே இதன் பொருள். ‘ஃப்ரீ’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறுவது அதிகமாக இங்கேதான்.

இதில் ‘என்டி’ விஷயம் பின்னணிக்குக் குறிப்பாக இடிக்கும். பின்னணியாகப் போடும் எந்தப் படத்தையும் நாம் வெளிறச் செய்வோம், வெட்டுவோம், நிறம் மாற்றுவோம். அது சட்டப்படி ‘மாற்றி அமைத்தல்’ ஆகுமா ஆகாதா என்று வாதம் செய்துகொண்டிருப்பதைவிட வேறு படம் எடுப்பது எளிது. ‘என்சி’யிலும் ஒரு நுட்பம் உண்டு. பயன்படுத்துபவர் நிறுவனமா தனிநபரா என்பதை அது பார்ப்பதில்லை, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதைத்தான் பார்க்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு என்பதாலேயே தப்பித்துவிட முடியாது.

நான்காவது வகையில் தேதி முக்கியம். அன்ஸ்பிளாஷ் 2017 ஜூன் வரை எல்லாப் படங்களையும் சிசி ஜீரோவில்தான் கொடுத்தது, அதன் பிறகு சொந்த லைசென்ஸுக்கு மாறியது. பிக்சாபேயும் 2019 தொடக்கத்தில் அதே வழிக்குப் போனது. அதே 2019இல் பெக்சல்ஸையும் பிக்சாபேயையும் கேன்வா என்ற வடிவமைப்புத் தளம் வாங்கியது, 2021இல் அன்ஸ்பிளாஷைப் பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் வாங்கியது. பழைய வலைப்பதிவில் ‘இந்தத் தளத்தில் எல்லாமே சிசி ஜீரோ’ என்று படித்தால் அது எழுதிய காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம், இன்று இல்லை. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆவணப் பின்னணிக்கு இந்த மூன்று தளங்களின் இன்றைய நிபந்தனைகளே தாராளம். தளம் கைமாறலாம், விதி மாறலாம், நாம் எடுத்த நாளில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் கணக்கு என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

## அனுமதி இருந்தும் சிக்கல் வருவது எப்படி

முதல் வழி: படத்தை ஏற்றியவர் உரிமையாளராக இல்லாதது. யாரோ ஒருவருடைய ஓவியத்தை வேறொருவர் எடுத்து இலவசத் தளத்தில் ஏற்றிவிடலாம். உரிமை இல்லாதவர் கொடுக்கும் அனுமதி செல்லாது, நாம் நல்லெண்ணத்தோடு எடுத்தோம் என்பதால் உரிமையாளரின் உரிமை போய்விடாது. ஏற்றியவரின் பக்கத்தைப் போய்ப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஒரே பாணியில் நூறு பேட்டர்ன் இருந்தால் நம்பலாம். பத்துப் படங்கள் பத்துப் பேர் வரைந்த மாதிரி இருந்தால் ஒதுங்குவது நல்லது. சந்தேகமாக இருந்தால் டின்ஐ அல்லது கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்து, அது முதலில் எங்கே வந்தது என்று தேடலாம்.

இரண்டாவது வழி: நிபந்தனையைப் பாதி நிறைவேற்றுவது. ‘பிஒய்’ படத்தை எடுத்துவிட்டுப் பெயர் போட மறந்தால், கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸின் 3.0 வரையிலான பழைய பதிப்புகளில் அனுமதி அந்தக் கணமே ரத்தாகிவிடும். வேண்டுமென்றே பழைய பதிப்பில் படங்களைப் போட்டுவைத்து, பெயர் விட்டுப்போனவர்களாகத் தேடிப்பிடித்துப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2013இல் வந்த 4.0 பதிப்பில் இதற்கு ஒரு வழி வைத்தார்கள். தவறு தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் அனுமதி தானாகவே மீண்டுவிடும். ஒரே மாதிரி இரண்டு படம் கிடைத்தால் 4.0 உள்ளதை எடுங்கள்.

மூன்றாவது வழி கொஞ்சம் விசித்திரமானது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித் ஆயிரக்கணக்கான படங்களை மக்கள் பயன்பாட்டுக்காக லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தவர். அவர் எடுத்த படம் அவருடைய அமைப்பின் தளத்திலேயே இருந்ததற்கு, பட விற்பனை நிறுவனம் ஒன்றின் சார்பில் 120 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் 2016இல் 100 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார், ஆனால் அதில் பெரும்பகுதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. பொதுச்சொத்தாகிவிட்ட படத்தை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்பது இதன் மறுபக்கம். நமக்கு இதில் கிடைப்பது இரண்டு விஷயம்: காசுக்கு விற்கும் தளத்தில் இருக்கும் படமே வேறு இடத்தில் முறையாக இலவசமாகவும் கிடைக்கலாம். அப்புறம், பணம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது என்பதாலேயே நாம் தப்புச் செய்துவிட்டோம் என்று ஆகாது, எங்கிருந்து எடுத்தோம் என்ற சுட்டி கையில் இருந்தால் பதில் சொல்லிவிடலாம்.

## எங்கே தேடினால் உருப்படியாகக் கிடைக்கும்

கூகுள் படத் தேடலில் ‘டூல்ஸ்’ என்பதை அழுத்தினால் ‘யூசேஜ் ரைட்ஸ்’ என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்தந்தத் தளம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைத்தான் கூகுள் காட்டுகிறது, சரிபார்த்துச் சொல்வதில்லை. அதோடு, தேடல் முடிவில் தெரியும் சிறிய படத்தையே வலது சொடுக்கிச் சேமிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், அது வெறும் மாதிரிப் படம். தளத்துக்குள் போய் மூலக்கோப்பை எடுக்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களை மட்டும் தேட ஓபன்வெர்ஸ், விக்கிமீடியா காமன்ஸ் இரண்டும் நல்லவை. லைசென்ஸ் ஒவ்வொரு படத்தின் கீழும் தெளிவாக எழுதியிருக்கும். கோடும் வடிவமுமான எளிய பேட்டர்னுக்கு ஹீரோ பேட்டர்ன்ஸ் தளம். நிறத்தையும் அடர்த்தியையும் அங்கேயே மாற்றி எஸ்விஜி (பெரிதாக்கினாலும் உடையாத வகை) கோப்பாக எடுக்கலாம், பெயர் குறிப்பிட வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நான் முதலில் சொல்வது அருங்காட்சியகங்களைத்தான். ஆவண அலங்காரத்துக்குத் தேடுபவர்கள் ஏனோ இந்தப் பக்கமே வருவதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களைச் சிசி ஜீரோவில் திறந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் கோப்புகளோடு அதையே செய்தது. சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இரண்டிலும் உயர்தரப் படங்கள் கிடைக்கின்றன. எல்லாப் பொருளுக்கும் இந்த அனுமதி இல்லை என்பதால் தேடும்போது ‘ஓபன் ஆக்சஸ்’ அல்லது ‘பப்ளிக் டொமைன்’ என்ற வடிகட்டியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

என்ன தேடுவது? ‘பேக்ரவுண்ட்’ என்று தேடினால் ஒன்றும் வராது, அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு பொருள் இல்லை. பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும்: ‘டெக்ஸ்டைல்’, ‘வால்பேப்பர்’, ‘லேஸ்’, ‘மார்பிள்டு பேப்பர்’. இந்தக் கடைசிச் சொல்லை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழைய புத்தகங்களின் அட்டையைத் திறந்ததும் உள்பக்கத்தில் ஒட்டியிருக்குமே, தண்ணீரில் எண்ணெய் பரவியது போல நீலமும் சிவப்பும் சுழன்று சுழன்று ஓடும் தாள், அதுதான். தண்ணீர்த் தொட்டியின் மேல் சாயத்தை மிதக்கவிட்டு, சீப்பால் கோதி, தாளை அதன்மேல் படியவைத்து எடுப்பார்கள். ஒன்று போல இன்னொன்று இருக்காது. அதிலிருந்து இரண்டு அங்குலப் பட்டையை வெட்டி அறிக்கையின் அட்டைப் பக்கத்தில் இடது ஓரமாக வைத்தால் போதும், பக்கம் முழுக்கப் பரப்ப வேண்டியதே இல்லை.

ஒரு கேள்வி வரலாம். துணி பழையது, சரி, ஆனால் அதைப் புகைப்படம் எடுத்தது அருங்காட்சியகம்தானே, படத்தின் உரிமை அவர்களுடையது ஆகாதா? ஓவியம் போன்ற தட்டையான பழைய படைப்பை அப்படியே நகலெடுக்கும் புகைப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை இல்லை என்று 1999இல் பிரிட்ஜ்மன் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது, 2019இன் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவும் அதே திசையில்தான் போகிறது. எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அருங்காட்சியகமே சிசி ஜீரோ என்று எழுதிவைத்திருக்கும் இடத்தில் எடுத்தால் இந்த விவாதத்துக்கே வேலையில்லை.

## கோப்பு வகையும் போலிப் பிஎன்ஜியும்

ஜேபெக் புகைப்படத்துக்கு ஏற்றது. கூர்மையான கோடுகள் உள்ள பேட்டர்னை ஜேபெக்கில் சேமித்தால் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும். அதற்குப் பிஎன்ஜி சரி. எஸ்விஜி என்பது பிக்சலே இல்லாமல் ‘இங்கிருந்து அங்கே கோடு’ என்று எழுதிவைத்த குறிப்பு, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வெப்பி (WebP) என்ற வகைக் கோப்பு இறங்கினால், பழைய மென்பொருள்கள் திறக்க மறுக்கும், பிஎன்ஜியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

போலிப் பிஎன்ஜி என்று ஒன்று உண்டு. தேடலில் ‘பின்புலம் இல்லாத’ பூச்சட்டகம் ஒன்று தெரிகிறது, பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். இறக்கி வேர்டில் போட்டால் அந்தக் கட்டமும் சேர்ந்தே வருகிறது! அதாவது அது ஒளி ஊடுருவும் படமல்ல, கட்டத்தையும் சேர்த்து வரைந்த சாதாரணப் படம். உண்மையான பிஎன்ஜி தேடல் முடிவில் பெரும்பாலும் வெறும் வெள்ளையாகவோ கறுப்பாகவோதான் தெரியும், திறந்த பிறகுதான் கட்டம் வரும். தேடல் பட்டியலிலேயே கட்டம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே வரி போதும்: படத்தைக் கேட்டதற்கு ‘.எக்ஸி’ என்று முடியும் கோப்போ, முதலில் இதை நிறுவுங்கள் என்ற செய்தியோ வந்தால், பக்கத்தை மூடிவிட்டு வேறு தளம் பாருங்கள்.

## ஆவணத்துக்குள் போடும்போது

வேர்டில் ‘டிசைன்’ தாவலில் ‘பேஜ் கலர்’, அதற்குள் ‘ஃபில் எஃபெக்ட்ஸ்’ என்று போனால் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம், டைலாக இருந்தால் அதுவே அடுக்கிக்கொள்ளும். பிரிண்டில் பின்னணி வராமல் போவதற்குக் காரணம், அப்படி வைத்த பின்னணியை அச்சிட வேண்டாம் என்பதே வேர்டின் இயல்பு அமைப்பு. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘டிஸ்ப்ளே’ என்று போய் ‘பிரிண்ட் பேக்ரவுண்ட் கலர்ஸ் அண்ட் இமேஜஸ்’ என்பதை டிக் செய்தால் வந்துவிடும். ஆனால் கோப்பை வேறொருவருக்கு அனுப்பினால் அவருடைய கணினியிலும் இதே டிக் இருக்க வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஹெட்டரைத் திறந்து அங்கே படத்தைச் செருகி, ‘பிஹைண்ட் டெக்ஸ்ட்’ என்று வைத்துவிடலாம். எல்லாப் பக்கத்திலும் வரும், அச்சிலும் வரும்.

பவர்பாயிண்ட்டில் ‘ஃபார்மேட் பேக்ரவுண்ட்’ பகுதியில் ‘டைல் பிக்சர் ஆஸ் டெக்ஸ்சர்’ என்ற டிக் இருக்கிறது, அதைப் போடாவிட்டால் சின்ன டைலை இழுத்துப் பூசணிக்காய் அளவுக்கு ஊதிவிடும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பக்கப் பாணியின் ‘ஏரியா’ தாவலில் படம், பேட்டர்ன் இரண்டும் உண்டு. கூகுள் டாக்ஸில் பக்க அமைப்பில் நிறம் மட்டும்தான். படம் வேண்டுமானால் வாட்டர்மார்க் வசதி வழியாகப் போடலாம்.

## எழுத்து தோற்றுவிடக் கூடாது

இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. இந்த எண் எவ்வளவு விளிம்பில் இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: 767676 என்ற குறியெண் கொண்ட சாம்பல் நிற எழுத்து தூய வெள்ளைத் தாளில் 4.54 வாங்கித் தேறிவிடும். அதே எழுத்தை இளமஞ்சள் ‘பழைய காகித’ டெக்ஸ்சரின் மேல் வைத்தால் உடனே தோற்றுவிடும். கண்ணுக்கு மென்மையாகத் தெரியும் பின்னணியே போதும், எழுத்தின் மதிப்பைக் கீழே தள்ளிவிடும். பின்னணியில் பல நிறம் இருந்தால் சராசரியைப் பார்க்கக் கூடாது. கறுப்பு எழுத்தாக இருந்தால் பின்னணியின் மிகக் கருமையான இடத்தை எடுத்து அளக்க வேண்டும்.

தமிழுக்கு இதில் தனிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, ஆங்கில வழிகாட்டிகளில் இது வராது. புள்ளி போட்ட பேட்டர்னைத் தமிழ் எழுத்தின் பின்னால் வைக்கவே கூடாது. மெய்யெழுத்தின் புள்ளியும் பின்னணிப் புள்ளியும் ஒன்றோடொன்று கலந்து, இருக்கும் புள்ளி காணாமல் போகும், இல்லாத புள்ளி முளைக்கும். சான்றிதழில் ‘கல்வி’ என்ற சொல்லின் நடுப்புள்ளி பின்னணியில் கரைந்துபோனால் என்ன படிப்பார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இகர ஈகாரச் சுழிகளுக்கும் கொடி வளைவுகளுக்கும் இடையிலும் இதே தகராறுதான். நேர்கோடு, பெரிய கட்டம், காகித டெக்ஸ்சர் இவை தமிழுக்குப் பாதுகாப்பு. கொடியும் பூவும்தான் வேண்டும் என்றால் ஓரத்தில் மட்டும் ஓடவிட்டு, எழுத்து வரும் இடத்தில் வெள்ளைப் பெட்டி வைத்துவிடுங்கள்.

## பெயர் போடுவதும் பதிவு வைப்பதும்

பெயர் குறிப்பிட வேண்டிய படத்துக்கு நான்கு விவரம் வேண்டும்: படத்தின் தலைப்பு, படைத்தவர், எடுத்த இடத்தின் சுட்டி, லைசென்ஸின் பெயர். நிறம் மாற்றியிருந்தால் ‘நிறம் மாற்றப்பட்டது’ என்பதையும் சேர்க்க வேண்டும். பக்கத்தின் நடுவில் போட வேண்டிய அவசியமில்லை. அறிக்கையானால் கடைசிப் பக்கம், ஸ்லைடானால் இறுதி ஸ்லைடு. ஒற்றைப் பக்கச் சான்றிதழில் இடமே இல்லை என்றால் பெயர் கேட்காத படத்தையே எடுப்பது நல்லது.

டவுன்லோடு செய்யும்போதே லைசென்ஸ் எழுதியிருக்கும் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு படத்தின் பக்கத்திலேயே சேமித்துவையுங்கள். அரை நிமிட வேலை. மேலே சொன்ன தளம் மாறும் கதைக்கெல்லாம் அதுதான் ஆதாரம்.

## கிடைக்கவில்லையா, டைலை நீங்களே செய்யலாம்

இது நினைப்பதைவிடச் சுலபம். கிம்ப் போன்ற இலவச மென்பொருளில்:

1. ஒரு வெள்ளைத் தாளைக் கசக்கி, விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் செல்பேசியால் படம் எடுங்கள். அதிலிருந்து 600க்கு 600 பிக்சல் சதுரம் ஒன்றை வெட்டுங்கள்.
2. ‘ஆஃப்செட்’ வசதியில் படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்துங்கள். ஓரத்தில் இருந்த ஒட்டு இப்போது நடுவில் சிலுவைக் குறி போல வந்து நிற்கும், வெளி ஓரங்களோ தாமாகவே ஒன்றோடொன்று பொருந்திவிடும்.
3. அந்தச் சிலுவையை மட்டும் ‘குளோன்’ அல்லது ‘ஹீல்’ கருவியால், பக்கத்து இடத்தை எடுத்துப் பூசி மறையுங்கள். ஓரத்தைத் தொட்டுவிடாமல் இருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.
4. மீண்டும் ஒருமுறை பாதி நகர்த்திப் பாருங்கள். ஒட்டு எங்கும் தெரியாவிட்டால் டைல் தயார்.
5. நிறத்தை வெளிறவைத்துச் சேமியுங்கள்.

தாளும் உங்களுடையது, படமும் உங்களுடையது, அதனால் கடைசிப் பக்கத்தில் யார் பெயரையும் போட வேண்டியதில்லை.